தூண்டில் தடிக்குப் பூசிய எண்ணெய்

நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். எழுதக் கூச்சம், ஆனாலும் இதைச் சொல்ல ஆசை.

இந்தக் குளிர் நாட்டில், டோர்செட் பார்க் என்ற இடத்தில் என்னோடு இருக்கும் மகள் வதனி, விட்பிப் பக்கத்து ஆற்றில் ட்ரவுட் மீன் பிடிக்கப் போவாள். இறகால் கட்டிய பொய்ப்பூச்சிதான் இரை. குளிரில், தூண்டில் தடியில் நூல் ஓடும் வளையங்களில் ஐஸ் கட்டி நூல் இறுகிவிடும். போன விண்டர் முழுக்க ஒரு மீனும் இல்லை. வேலையிடத்தில் அவளைப் பகிடி பண்ணிச் சிரித்தார்களாம்.

இந்த விண்டரில், ஐஸ் ஒட்டாதிருக்கட்டும் என்று, அவளிடம் சொல்லாமல் வளையங்களுக்குத் தேங்காயெண்ணெய் பூசிவிட்டேன். நானும் அவளோடு ஆற்றுக்குப் போனேன். அன்றைக்குத்தான் பெரிய மீன் ஒன்று கவ்விக்கொண்டு ஓடியது. நூல் நகராமல் அறுந்துபோனது. பார்த்தால், வளையமெல்லாம் எண்ணெய் மெழுகுபோல உறைந்திருந்தது.

"ஆரம்மா இதில எண்ணெய் பூசினது?"

"நான்தான் பிள்ளை."

"தோசைக்கல்லெண்டு நினைச்சியளோ?" என்றாள். அவள் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து குசினியில் பார்த்தேன். ஜன்னலோரத்தில் தேங்காயெண்ணெய் கட்டியாக இருந்தது. பக்கத்துப் போத்தலில் நல்லெண்ணெய் உறையாமல் ஓடியது.

அடுத்த சனிக்கிழமை ஆற்றங்கரையில், "பிள்ளை, நல்லெண்ணெய் பூசிப் பார்க்கட்டோ?" என்று கேட்டேன்.

"இனிக் கெட என்ன இருக்கு, பூசுங்கோ."

அன்று நூல் வழுக்கிக்கொண்டு ஓடியது. முழங்கை நீள மீன் வலைக்குள் வந்தது. "அம்மா, உங்கட மீன்" என்று என் கையில் தந்து படம் எடுத்தாள்.

இப்போது யாருடைய பொருளையும் கேட்காமல் தொடமாட்டேன். ஆனால் கோட்டுப் பைக்குள் நல்லெண்ணெய்ப் போத்தல் எப்போதும் இருக்கும். ஆற்றில் நிற்கும் வெள்ளைக்காரர்கள் தாங்களாகவே வந்து தடியை நீட்டுகிறார்கள்.