பூசை மாடத்தில் இருந்த அக்கா

ஜப்பானின் வடகோடியில் உள்ள எங்கள் ஊரான வக்கனாயின் மீன் சந்தையில் ஹிசனோவின் பெயர் முதலில் எங்கள் காதில் விழுந்தபோது, 'ரஷ்யக்காரி' என்ற கேலியும் அதோடு சேர்ந்தே விழுந்தது. போர் முடிந்த வருஷம், ரஷ்யா பிடித்துக்கொண்ட சகலின் தீவின் துறைமுகக் கூட்டத்தில் தொலைந்துபோன மூத்த மகள் சுமியெ இறந்துவிட்டாள் என்று ஹிசனோவின் பெற்றோர் பதிவு செய்து, பூசை மாடத்தில் இறந்தவர்களுக்கு வைக்கும் பெயர்ப்பலகையையும் அவளுக்கு வைத்திருந்தார்கள். பல வருஷம் கழித்து அவளிடமிருந்தே கடிதம் வந்தது. ரஷ்யர்களிடையே வளர்ந்து தாய்மொழியை மறந்துவிட்ட அந்த அக்காவோடு பேசத்தான் ஹிசனோ ரஷ்ய மொழி படித்தாள். அந்தப் படிப்பே ரஷ்யக் கப்பல்களின் வானொலிப் பேச்சை ஒட்டுக்கேட்கும் அரசு வேலையையும் வாங்கித் தந்தது.

பிறகு ரகசியக் காப்புச் சட்டம் வந்தது. இதுபோன்ற வேலையில் இருப்பவர்கள், தங்கள் உடன்பிறந்தவர்கள் எந்த நாட்டுக் குடிமக்கள் என்று எழுதித் தரவேண்டும். உண்மையை எழுதினால் வேலை போய்விடும் என்று அவள் பயந்தாள்.

"உங்க அக்கா தவறிட்டாங்கதானே?" என்று குடும்பப் பதிவேட்டைப் பார்த்தபடி அதிகாரி ஒனொதெரா கேட்டார்.

"ஆமாங்க, நான் பொறக்குறதுக்கு முன்னாடியே."

அந்த ஞாயிறும் வழக்கம்போல் தொலைபேசி அடித்தது. ஹிசனோ அசையவில்லை.

"எடுக்கலையா? உங்கக்காவாத்தான் இருக்கும்," என்றார் கணவர் தெய்ஜி.

"செத்தவங்க போன் பண்ணுவாங்களா?"

"அப்ப இத்தன வருஷமா யாரோட பேசிட்டிருந்தே, பேயோடயா?"

வாராவாரம் அடித்த மணி பனிக்காலத்தில் நின்றுபோனது. கூப்பிட்டு விசாரித்தால் எங்காவது பதிவாகிவிடும் என்று அவள் விசாரிக்கவே இல்லை.

ஹிசனோ இப்போதும் அதே அலுவலகத்தில், காதில் கருவியை மாட்டிக்கொண்டு, சகலின் கப்பல்காரர்கள் பேசுவதை எழுதி எடுத்துக்கொண்டிருக்கிறாள்.