கடல் கடந்த உறவுகள்

கல்யாண பேனரில் ‘கடல் கடந்த உறவுகள்’ என்ற வார்த்தையை எங்கள் பக்கத்தில் முதலில் போட்டவன் நான்தான். அதற்கு முன்னால் எல்லாக் கடையிலும் ‘வெளிநாட்டு நண்பர்கள்’தான். ஜெயங்கொண்டத்தில் பிளெக்ஸ் கடை வைத்துப் பதினைந்து வருடம் ஆகிறது. மேல் வரிசையில் செத்துப்போனவர்கள், பக்கத்தில் குத்துவிளக்கு. நடுவில் பொண்ணு மாப்பிள்ளை. கீழ் வரிசையில் சிங்கப்பூர், துபாய், மலேசியா போனவர்கள், ஒவ்வொரு படத்தோடும் ஒரு குட்டி விமானம். பெங்களூரில் வேலை பார்க்கிற ஒருத்தன் தன்னையும் கீழ் வரிசையில் போடச் சொல்லிச் சண்டைக்கு வந்தான். பெங்களூர் போகிற வழியில் எந்தக் கடலடா இருக்கிறது என்று திட்டி அனுப்பினேன். கடலைத் தாண்டினால் மட்டும் போதாது, இக்கரையில் ஒருத்தர் காத்துக்கிடக்கவும் வேண்டும். அப்போதுதான் அந்த வார்த்தை பொருந்தும்.

அப்படிக் காத்துக்கிடந்தவர் கங்கைகொண்ட சோழபுரத்து மலர்க்கொடி அக்கா. முந்திரிக்கொட்டை உடைத்து உடைத்து விரல் கறுத்துத் தோலுரிந்து, ரேஷன் கடை மெஷினில் ரேகைகூட விழாது. புருஷன் கண்ணையன் மலேசியா போய்ப் பதினோரு வருடம். கடைசி நாலு வருடமாகப் போன்கூட இல்லை. ஆனாலும் சொந்தத்தில் காதுகுத்து, சடங்கு என்றால் அக்கா அதே பாஸ்போர்ட் போட்டோவோடு வந்து நிற்பார். மாமாவை விட்டுவிடாதே தம்பி என்பார்.

போன தை மாதம் குன்னத்திலிருந்து பஞ்சநாதன் என்பவர் கடைக்கு வந்தார். மலேசியாவிலிருந்து திரும்பியவர். சுவரில் மாட்டியிருந்த பழைய பேனரில் கண்ணையன் படத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். இவர் செத்து நாலு வருடம் ஆகிறது, எரித்தபோது கூட நின்றவன் நான், ஜெயங்கொண்டம் பக்கம் என்பதைத் தவிர விலாசம் தெரியாமல் இத்தனை நாள் சொல்ல முடியவில்லை என்றார். ஊரையும் அக்கா பெயரையும் சொன்னேன். சும்மா இருக்காமல், நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன் என்று வாயையும் கொடுத்தேன்.

சொன்னேனா? இரண்டு மாதம் ஓட்டினேன், பேடிப்பயல். அதற்குள் அக்கா, மகள் அபிநயாவின் கல்யாணத்துக்குப் பேனர் சொல்ல வந்துவிட்டார், கையில் அதே போட்டோ. பொழுதெல்லாம் வாய் ஓயாத நான் அன்றைக்கு பேனர் அளவை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டேன். செத்த மனுஷனைக் கீழ் வரிசையில் விமானத்தோடு வைத்து அடித்துக் கொடுத்தேன்.

கல்யாணத்துக்கும் போனேன். நெற்றி நிறையக் குங்குமத்தோடு அக்கா மணவறையில் நின்று மகளைத் தாரை வார்த்துக் கொடுத்தார். மொய் எழுதிவிட்டுப் பந்தியில் உட்காராமல் திரும்பினேன்.

மூன்றாம் நாள் கடை திறக்கும்போதே அக்கா வந்து நின்றார். நெற்றியில் பொட்டில்லை. அதே போட்டோவை மேஜைமேல் வைத்து, கண்ணீர் அஞ்சலி பேனர் வேண்டும் என்றார்.

“பஞ்சநாதன் ஒன் கடைக்கு வந்த அன்னிக்கே வூட்டுக்கும் வந்து சொல்லிட்டாரு தம்பி. நான்தான் மூச்சு வுடல. வெளிய தெரிஞ்சா கல்யாணம் நின்னுருக்கும். நடந்தாலும் என்னை மணவறைல ஏத்தியிருக்க மாட்டாங்க.”

இரண்டு மாதமாக அவர் எங்கே அழுதிருப்பார் என்று நினைத்தேன். இறந்த தேதி என்ன போட என்று கேட்டேன்.

“கல்யாணத்துக்கு மறுநாள் தேதியப் போடு. அதுவரைக்கும் அவரை நான் சாவ வுடல.”

கம்ப்யூட்டரில் கல்யாண பேனரைத் திறந்து அவர் படத்தை மேல் வரிசைக்கு நகர்த்தினேன். விமானமும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்தது. குத்துவிளக்கை வைத்துவிட்டு விமானத்தை அழிக்கப் போனேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அது இருக்கட்டும் தம்பி. அவரு இன்னும் வூடு வந்து சேரலல்ல.”