தண்ணீர் ஊற்றாத சிரட்டை

முத்திருளன் வாத்தியாருக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. சொந்த ஊர் திருப்பரங்குன்றம். வேலை பார்த்தது எழுமலைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில், கூரைக் கொட்டகைப் பள்ளிக்கூடத்தில். மணலில் 'அ' எழுத வைக்க வேண்டிய மனிதர், பிள்ளைகளை எறும்புப் புற்றைச் சுற்றிக் குத்தவைத்து உட்கார வைத்துவிட்டு, "என்ன பாத்தே, என்ன பாத்தே?" என்று நச்சரிப்பார். எறும்பு கடித்து அழுகிற பிள்ளையிடமும், கடித்தது கறுப்பா சிவப்பா என்றுதான் முதலில் கேட்பார். கிறுக்கு வாத்தியார் என்று ஊரில் பேர். கொஞ்சம் கிறுக்குத்தான், அதை மறைப்பானேன்.

முப்பத்தெட்டாம் வருஷம் ஐப்பசியில், ஆளுக்கொரு தேங்காய்ச் சிரட்டையில் மண் போட்டுத் தட்டாம்பயறு ஊன்றச் சொன்னார். பெயர் எழுத விடவில்லை. அவரவர் சிரட்டையை அவரவரே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றார். முளை விட்டதும் சிலவற்றைப் பானை போட்டு மூடினார். ஒன்றுக்கு மட்டும் தண்ணீரை நிறுத்தினார். என்ன ஆகிறதென்று பிள்ளைகள் பார்க்க வேண்டுமே. அந்தச் சிரட்டை ஒச்சம்மாளுடையது. ஆறு வயசுப் பிள்ளை. "என்னோடதுக்கு ஊத்த வேண்டாம்யா" என்று அவளே முன்வந்தாள்.

வாத்தியார் ஒன்றை யோசிக்கவில்லை. ஊரில் அப்போது முத்தாலம்மன் பொங்கலுக்கு முளைப்பாரி போட்டிருந்தார்கள். முளை செழித்தால் வீடு செழிக்கும், கருகினால் அந்த வீட்டில் யாருக்கோ ஆகாது என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. அந்த வாரத்தில் ஒச்சம்மாளுக்குக் காய்ச்சல் கண்டது. அவளுடைய அம்மா சோணையம்மாள் கிணற்றடியில் வாத்தியாரை மறித்தாள்.

"எம்மவ முளையக் காயப் போட்டீகளாமே."

"அது சும்மா பாடத்துக்குத்தாம்மா."

"பிள்ளைக்குத் தெளியட்டும், கூட்டிக்கிட்டு வாரேன். அந்த முளைய நானே பாக்குறேன். கருகிக் கெடந்துச்சுன்னா, பெறகு அவ ஆடு மேய்க்கத்தான் போவா."

முளை காய்ந்தது தண்ணீர் இல்லாமல். காய்ச்சல் வந்தது மழைக்காலம் என்பதால். இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? படித்த புத்தி இப்படித்தான் சொன்னது. மனசு கேட்டால்தானே. வாத்தியார் காரணமே இல்லாமல் அந்தத் தெரு வழியாகப் போனார், வந்தார். வீட்டு வாசலில் கஷாய வாசனை வந்தால் பயந்தார், வராவிட்டாலும் பயந்தார். அந்தக் கொட்டகையில் வந்து உட்கார்ந்த ஒரே பெண்பிள்ளை அவள். ஆட்டுக்குப் பின்னால் போனால் திரும்பி வரமாட்டாள்.

பிள்ளைக்குக் குணமாகிவிட்டது, மறுநாள் தாயும் மகளும் வருகிறார்கள் என்று தகவல் வந்தது. மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக வாத்தியார் கொட்டகைக்கு ஓடினார். ஒச்சம்மாளின் சிரட்டையில் முளை சுருண்டு கருகிக் கிடந்தது. அதை எடுத்துப் பானைக்குப் பின்னால் ஒளித்தார். தாம் தனியாக வளர்த்திருந்த பச்சை முளைச் சிரட்டை ஒன்றை அந்த இடத்தில் வைத்தார். சிரட்டைக்குச் சிரட்டை என்ன வித்தியாசம் தெரியப்போகிறது என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார்.

சோணையம்மாள் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். பச்சையைப் பார்த்தாள். "நல்லாத்தானே இருக்கு. ஊர்ல என்னென்னமோ சொன்னாக" என்று மூச்சு விட்டாள். வாத்தியாரும் அப்போதுதான் மூச்சு விட்டார்.

ஒச்சம்மாள் இடுப்பிலிருந்து நழுவி இறங்கினாள். சிரட்டையைத் தூக்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"இது என்னோடது இல்ல. என்னோடதுல அடியில ஒரு கீறல் இருக்கும். கண்ணு பக்கம் நாரு ஒட்டியிருக்கும்."

அவள் வரிசையாகத் தேடினாள். பானைக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்துத் தன் சிரட்டையை எடுத்துக்கொண்டு வந்தாள். அம்மாவின் முகம் வெளுத்ததை அவள் கவனிக்கவில்லை. பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னாள். "மண்ணு வெடிச்சிருக்கு. இலை கறுத்திருச்சு. தொட்டா ஒடியுது. செத்துப்போச்சுய்யா."

சோணையம்மாள் சட்டென்று மகளை இழுத்துக் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். நெற்றியைத் தொட்டாள். குளிர்ந்துதான் இருந்தது. மறுபடியும் கருகிய முளையைப் பார்த்தாள். மகள் அவள் கையிலிருந்து திமிறிக்கொண்டு நின்றாள்.

"ஏமாத்தப் பாத்தீகளா, வாத்தியாரே?"

"ஆமாம்மா. பிள்ளையப் படிப்ப விட்டு நிறுத்திருவீங்களோன்னு பயந்துட்டேன்." அவருக்குத் தலை நிமிரவில்லை.

அவள் செத்த முளையையும் திமிறி நிற்கிற மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மகளின் தலைமுடியைக் கையால் ஒதுக்கிவிட்டு, வரிசையில் அவள் இடத்தில் உட்கார வைத்தாள்.

"இருக்கட்டும். ஆனா இனிமே எதையும் ஒளிச்சு வைக்காதீக. எம்மவ பாத்துருவா."