பேசாத பேச்சை எழுதிய இன்பராஜ்

இன்பராஜின் வலது கை விரல்கள் மூன்றை உடைத்தது சுத்தியல். உடைக்கச் சொன்னவர், அதே கை எழுதிக்கொடுத்ததையெல்லாம் ஐந்து வருஷம் பேசி வந்தவர்.

கோலார் தங்கவயலில் ஒரு சுரங்கத்தின் மரக்கிடங்கில் இன்பராஜ் குமாஸ்தா. மிஷன் பள்ளியில் ஐந்தாவது வரை படித்ததோடு சரி. மிச்சத்தைப் பத்திரிகைகளைப் படித்துத் தானே கற்றுக்கொண்டார். பெங்களூரில் பட்டாளம் இருக்கும் தண்டில் அச்சாகும் ஒரு தமிழ் வாரப் பத்திரிகைக்கு அவர்தான் தங்கவயல் நிருபர். ஞாயிறு பகலில் தபாலில் பத்திரிகை வந்ததும், ஆண்டர்சன்பேட்டைக் கடைத்தெருவில் ஒரு மரப்பெட்டிமேல் ஏறி நின்று, எழுத்தறியாத சுரங்கத் தொழிலாளிகளுக்கு உரக்கப் படித்துக் காட்டுவார்.

ராஜப்பா சுரங்கத்துக்கு ஆள் சேர்த்துவிடும் காண்டிராக்டர். மைசூர் பிரஜாப் பிரதிநிதி சபையில் மெம்பரும்கூட. வருஷா வருஷம் தசரா முடிந்து சபை கூடும். ராஜப்பாவுக்குப் பேச வேண்டியதை இன்பராஜ் எழுதிக் கொடுப்பார். சபை கூடுவதும் பத்திரிகை அச்சேறுவதும் ஒரே நாளில் வரும். ஆகவே மெம்பர் மைசூருக்கு ரயில் ஏறும்போதே, அவர் பேசிவிட்டதாக ஒரு செய்தியும் பெங்களூருக்குத் தபாலில் போய்விடும். மெம்பருக்குப் பேர், நிருபருக்கு முந்திய செய்தி. ஐந்து வருஷம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது.

1904 ஆவணியில், ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜின் கம்பிக் கயிறு அறுந்தது. உள்ளே இருந்த பதினோரு பேரும் ஷாஃப்ட் குழியின் அடியில் சிதறினார்கள். சாக்கில் அள்ளித்தான் மேலே கொண்டுவந்தார்கள். அறுந்த கயிற்றை மரக்கிடங்கில் போட்டபோது இன்பராஜ் தொட்டுப் பார்த்தார். உள்பிரிகள் துருவாக உதிர்ந்தன. கம்பெனித் தாளில் "பதினோரு கூலிகள்" என்று மட்டும் இருந்தது. இன்பராஜ் தொழிலாளிகளின் லைன் வீடுகளில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கிப் பதினோரு பெயர்களையும் எழுதி வந்தார்.

"இந்தப் பேருங்கள சபையில படிக்கணும், மெம்பரய்யா. கயிறு துருப்பிடிச்சதையும் சொல்லணும்."

"படிக்கிறேன்யா. என் ஆளுங்கதானே செத்தாங்க?" என்று ராஜப்பா தாளை ஜேப்பில் வைத்துக்கொண்டார்.

வழக்கம்போல, மெம்பர் பெயர்களைப் படித்துவிட்டதாகச் செய்தி முன்னாலேயே போயிற்று. அந்த ஞாயிறு இன்பராஜ் படிக்கப் படிக்கக் கடைத்தெருவே அழுதது. செத்தவர்களில் ஒருவனான தசரதனின் அண்ணன் காத்தவராயன், ஊர் திரும்பிய ராஜப்பாவை ரயிலடியிலிருந்து தோளில் தூக்கி வந்தான். ராஜப்பா ஒன்றும் புரியாமல் மாலைகளை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் பத்திரிகைச் செய்தியைக் காட்டிக் கம்பெனி அவருடைய காண்டிராக்டைப் பிடுங்கிவிட்டது.

அன்று பகல் சாப்பாட்டு நேரத்தில் ராஜப்பா இரண்டு ஆட்களோடு மரக்கிடங்குக்கு வந்தார். ஆட்கள் இன்பராஜை ஒரு மரக்கட்டையோடு அழுத்திப் பிடித்தார்கள்.

"இன்னாய்யா எழுதின? நான் எப்போய்யா பேசினேன்?"

"நான் எழுதிக் குடுத்தது உங்க ஜேப்புலதானே இருந்துச்சு?"

"ஜேப்புலதான் இருந்துச்சு. அங்கியேதான் இருந்துச்சு! தொரைங்க கூப்ட்டு வாய மூடிக்கினு இருன்னாங்க, இருந்தேன். அத்த நீ கெடுத்துட்டியே!"

சுத்தியல் இறங்கியது. முதல் அடியில் சுண்டுவிரல் நசுங்கியது. மூன்றாவது அடிக்குப் பிறகு ராஜப்பா குனிந்தார். இன்பராஜின் காதோரம் நிதானமாகச் சொன்னார்: "வர்ற பத்திரிகையில மறுத்து எழுது. கயிறு நல்ல கயிறு, குடிச்சிட்டு ஏறினதுல செத்தானுங்கன்னு எழுது. இல்லாங்காட்டி இன்னொரு கை இருக்கு."

வீட்டில் மனைவி ஞானசுந்தரி துணி கிழித்துக் கட்டினாள். அவளும் மிஷன் பள்ளியில் படித்தவள். இன்பராஜ் சொல்லச் சொல்ல அவளே எழுதினாள். பாதியில் நிறுத்தினாள்.

"அவரு பேசவே இல்லன்னு போட்டா, நீங்க பொய் எழுதினது ஊருக்கே தெரியுமே. ஜனங்க சும்மா விடுவாங்களா?"

"குடிச்சிட்டு செத்தானுங்கன்னு என் கையால போகக் கூடாது, சுந்தரி. எழுது."

அடுத்த ஞாயிறு கட்டுப்போட்ட கையால் பத்திரிகையைத் தாங்கிக்கொண்டு பெட்டிமேல் நின்றார். படித்தார்: "சென்ற வாரம் மெம்பர் பேசியதாக நான் எழுதியது பொய். சபையில் அவர் வாய் திறக்கவில்லை. அந்தப் பேச்சு நான் எழுதியது. பதினோரு பெயர்களை மைசூரில் யாரும் கேட்கவில்லை. ஆனால் கயிறு துருப்பிடித்திருந்தது. அதை என் கண்ணால் பார்த்தேன்."

காத்தவராயன் முன்னால் வந்து அவரைப் பெட்டியிலிருந்து இழுத்துப் போட்டான். முதல் குத்திலேயே பல் தெறித்தது.

"மகாராஜா சபையில தம்பி பேரச் சொன்னாங்கன்னு எங்கம்மாகிட்ட சொன்னேன்யா! கெழவி அன்னைக்குத்தான் சோறு துன்னா! இப்ப இன்னான்னு போய்ச் சொல்லுவேன்?"

மறுபடி அடித்தான். கீழே கிடந்தவரின் விலாவில் வேறு சிலரும் உதைத்தார்கள். கடைசியில் காத்தவராயன்தான் அவர்களைத் தள்ளிவிட்டான். கசங்கிய பத்திரிகையை எடுத்து இன்பராஜின் மார்பில் எறிந்தான்.

"பேருங்க இதுல இருக்குதா?"

இன்பராஜ் தலையசைத்தார்.

"அப்போ படி."

ரத்தம் ஒழுகும் வாயோடு பதினோரு பெயர்களையும் படித்தார். மூன்றாவது தசரதன். கடைசிப் பெயர் முடிந்ததும் கூட்டம் ராஜப்பா வீட்டுப் பக்கம் திரும்பியது. ஓடுகள் நொறுங்கின. ஜட்கா வண்டி எரிந்தது. பின்வாசலில் தப்பி ஓடிய ராஜப்பாவின் நெற்றியை ஒரு கல் பிளந்தது. ரத்தத்தோடு பூதிகோட்டையில் மாமனார் வீட்டுக்குப் போனவர் தங்கவயலில் பிறகு கால் வைக்கவில்லை.

இன்பராஜின் குமாஸ்தா வேலை போயிற்று. பத்திரிகையும் அவரை நீக்கியது. வேறு ஆள் கிடைக்காமல் எட்டு மாதம் கழித்துத் திரும்பக் கூப்பிட்டது. வலது கையில் பேனா நிற்கவில்லை. இடது கையால் எழுதப் பழகினார். அடுத்த தசராவுக்குப் புது மெம்பர் பழத்தட்டோடு வந்து, "ஒரு பேச்சு எழுதிக் குடுங்க" என்றார்.

"பேசிட்டு வாங்க. அப்புறம் எழுதுறேன்," என்று தட்டைத் திருப்பி அனுப்பினார்.

ஞாயிறுதோறும் படிப்பது நிற்கவில்லை. காத்தவராயன் பெட்டிக்கு எதிரிலேயே குந்தியிருப்பான். தங்கவயல் செய்தி ஒவ்வொன்று முடியும்போதும் கையைத் தூக்குவான்.

"நீ பாத்தியா?"

பார்த்திருந்தால் பார்த்தேன் என்பார். இல்லாவிட்டால் இல்லை என்பார். அதன் பிறகுதான் அவன் அடுத்ததைப் படிக்க விடுவான்.