உப்புக் கோடு

என் மகள் வாங்கிய புதுக் கார் சாலையின் வெள்ளைக் கோட்டைப் பார்த்துத் தானாகவே வளையும், தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சென்னையிலிருந்து புதுச்சேரியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அதில் என்னைக் கூட்டிவந்த அன்று, வழி நெடுக அதன் வித்தைகளைக் காட்டிக்கொண்டே வந்தாள்.

மரக்காணத்து உப்பளங்கள் தொடங்கியதும் சாலை நேராக நீண்டது.

"பாரும்மா, கைய எடுத்துட்டேன்."

ஸ்டியரிங் தன்பாட்டில் மெல்ல அசைந்தது.

"முதல்ல புடிடீ."

"கை இல்லன்னா அதுவே மணியடிக்கும். உன்னவிட உஷாரு."

சொல்லி வாய் மூடுவதற்குள் 'டிங், டிங்' என்றது. ஒரு விரலால் ஸ்டியரிங்கைத் தொட்டாள். அடங்கியது. திரும்பவும் எடுத்துவிட்டாள்.

வாராவாரம் இந்தச் சாலையில் தனியாக வருகிறவள் அவள். அவளுக்கு ஒரு துணை இருக்கிறது என்று எனக்கும் உள்ளுக்குள் ஆறுதலாகத்தான் இருந்தது.

ஈர உப்பு ஏற்றிய லாரிகள் அந்தப் பக்கம் தண்ணீரை ஒழுகவிட்டுக்கொண்டே போகும். வெயிலில் அது காய்ந்து வெள்ளைக் கோடாகிவிடும். உப்பு குவிக்கும் களத்திலிருந்து சாலைக்கு ஏறிய ஏதோ ஒரு லாரி அப்படி ஒரு கோட்டை விட்டுப்போயிருந்தது. சாலையின் சொந்தக் கோடு அங்கே மண்மூடிக் கிடந்தது.

கார் உப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டது.

ஒரு குலுக்கல் இல்லை. போகவேண்டிய இடம் அதுதான் என்பதுபோல இடப்பக்கம் இறங்கியது. அவள்தான் திருப்புகிறாள் என்று நினைத்தேன். அவளோ என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். எதிரே கீற்றுப் போட்டு மூடிய உப்புக் குவியல். அதன் நிழலில் ஒரு பெண் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மகளின் தோளில் அறைந்தேன். பிரேக்கை மிதித்தாள்.

அந்தப் பெண் எழுந்து நின்றார். தூக்கு கவிழ்ந்து சோறு தரையில் கிடந்தது. முன் சக்கரம் அதைத் தொடாமல் நின்றிருந்தது. அவர் கத்தவில்லை. கண்ணாடிப் பக்கம் குனிந்து கேட்டார்:

"ஏம்மா, வண்டிய நீதான ஓட்டுற?"

நான் இறங்கி அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "பாத்துப் போங்க" என்று சொல்லிவிட்டுக் கவிழ்ந்த தூக்கை எடுத்துத் தட்டினார்.

அனுமந்தை ஊரைத் தாண்டினோம். அவள் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தாள். கூனிமேடு வந்தபோது, "அப்பாகிட்ட சொல்லிடாதம்மா" என்றாள். இதுவரை சொல்லவில்லை.

கார் தடதடவென்று குலுங்கி இறங்கியிருந்தால்கூட மறந்திருப்பேன். அந்த மென்மைதான் விடமாட்டேன் என்கிறது. கண்ணை மூடினால் அப்படியே வழுக்கிக்கொண்டு இறங்குகிறேன். அந்தப் பெண் இன்னும் எழுந்திருக்கவில்லை.

ஞாயிறு சாயங்காலம் அவள் சென்னைக்குத் திரும்பும்போது, மரக்காணம் வந்திருப்பாள் என்று கணக்குப் போட்டு போன் செய்கிறேன். கார் ஸ்பீக்கரில் பேசுவாள். முன்பெல்லாம் எங்கே போய்க்கொண்டிருக்கிறாள் என்று கேட்பேன். இப்போது ஒன்றுதான் கேட்கிறேன்.

"கை எங்க இருக்குது?"

"ஸ்டியரிங்லதாம்மா. வேற எங்க இருக்கும்?"

போன வாரமும் அதையேதான் சொன்னாள். அவள் குரலுக்குப் பின்னால் இரண்டு முறை 'டிங்' என்று கேட்டது. பிறகு அடங்கியது.