‘ங்க’ நின்ற இடம்

முனைவர் பட்டம் வாங்கியதோடு ஆராய்ச்சிக்கும் எனக்கும் உள்ள உறவு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்து வளர்ந்தவள் நான். கணவருக்குச் செம்மேட்டில் தாலுகா ஆபீசில் வேலை என்று ஆனதும், நானும் மாற்றல் கேட்டுக் கொல்லிமலைக்குத் தமிழாசிரியையாக வந்து சேர்ந்தேன்.

வந்த புதிதில் என்னைப் பிடித்துக்கொண்டது அருவியுமில்லை, மிளகுக் கொடியுமில்லை. பேச்சின் வாலில் ஒட்டிக்கொண்டு வரும் ‘ங்க’. ஆமாங்க, இல்லீங்க, ஏனுங்க. கண்டக்டர் சில்லறை கேட்டாலும் ‘ங்க’, சந்தையில் விலை கட்டாது என்று சொன்னாலும் ‘ங்க’. என் படிப்பு நடையியல். எழுதுகிறவர் ஒரு சொல்லை ஏன் அங்கே வைத்தார், வேறு சொல்லை ஏன் வைக்கவில்லை என்று தோண்டிப் பார்க்கிற படிப்பு. நாமக்கல், சேலம் பக்கத்துச் சிறுகதைகளில் வரும் உரையாடல்களை எடுத்து, அவற்றில் இந்த ‘ங்க’ என்ன வேலை செய்கிறது என்று ஒரு கட்டுரை எழுதினேன். மரியாதையைக் காட்டுகிறது, யார் மேல் யார் கீழ் என்பதைக் காட்டுகிறது என்பது என் முடிவு. ஓர் ஆய்விதழுக்கு அனுப்பிவைத்தேன்.

அங்கே கட்டுரையை இரண்டு பேரிடம் கொடுத்துக் கருத்துக் கேட்பார்கள். அவர்கள் யார் என்று நமக்குத் தெரியாது, நாம் யார் என்று அவர்களுக்குத் தெரியாது. முதல் ஆள் மூன்றே வரியில் வெளியிடலாம் என்று எழுதிவிட்டார். இரண்டாம் ஆள் திருத்தச் சொல்லிப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். அதில் ஒரு வரி என்னைச் சுருக்கென்று தைத்தது: ‘கட்டுரையாளர் இம்மொழி பேசும் மக்களோடு ஒருநாளேனும் பழகியிருக்கிறாரா என்ற ஐயம் எழுகிறது.’

“நான் இங்கயேதானே இருக்கேன்! காலைல எந்திரிச்சதுலேருந்து இவங்களோடதானே பேசறேன்!” என்று அடுப்படியில் நின்று கத்தினேன்.

என் கணவர் மின்னஞ்சலைத் தன் போனில் வாங்கி, ஆபீஸ் கோப்பைப் படிப்பதுபோல நிதானமாகப் படித்தார். “இந்த ஆளு ஒவ்வொரு பத்தியையும் ‘அது ஒருபுறமிருக்க’ன்னு ஆரம்பிக்கிறாரு. எல்லாத்தையும் ஒருபுறமே வெச்சா, மறுபுறம் காலியா இருக்காதா?” என்றார்.

சிரிக்கிற மனநிலையில் நான் இல்லை. ஆனால் அந்தத் தொடரைக் கேட்டதும் பொறி தட்டியது. அப்படி எழுதுகிற ஒருவரை எனக்குத் தெரியும். சமவெளிக் கல்லூரி ஒன்றில் பேராசிரியர், ஓய்வு பெறும் வயதில் இருப்பவர். கருத்தரங்கங்களில் பார்த்திருக்கிறேன். அவருடைய பழைய கட்டுரைகளை எடுத்துப் பார்த்தேன். திறந்த இடமெல்லாம் ‘அது ஒருபுறமிருக்க’. நடையை வைத்து ஆளைப் பிடித்துவிட்டேன் என்று, கோபத்தின் நடுவிலும் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அடுத்த மாதமே அவரிடமிருந்து போன் வந்தது. மனைவியோடு மலைக்குச் சுற்றுலா வருகிறார்களாம், வாசலூர்பட்டி ஏரியில் படகுச் சவாரி முடித்துவிட்டு வரும்போது என்னையும் பார்க்க வேண்டுமாம். மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன். பழி தீர்க்கக் கூப்பிட்டேன் என்று என் கணவர் இன்றைக்கும் சொல்கிறார். அவ்வளவு இல்லை. என் பக்கத்து நியாயத்தை அவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும் என்று இருந்தது.

அன்று எங்களைவிட வீட்டுக்கார அக்காதான் பரபரப்பாக இருந்தார். எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் ஒரே சுவர். மலையிலேயே எடப்புளி நாட்டுப் பக்கம் அவருக்குக் காடு, அதாவது விளைநிலம், இருக்கிறது. விருந்தாளி வருகிறார்கள் என்று காதில் விழுந்ததும், காட்டிலிருந்து குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியைப் பிடுங்கிவந்து வேகவைத்து, காரச் சட்னியும் அரைத்துவிட்டார்.

பேராசிரியர் ஒல்லியாக, அமைதியாக இருந்தார். கொண்டை ஊசி வளைவுகளில் அவர் மனைவிக்கு ஏற்பட்ட தலைச்சுற்றல் இன்னும் தெளியவில்லை. நான் சோறு பரிமாறும்போதே ஆரம்பித்துவிட்டேன்.

“இந்த ஊர்லயே இருக்கறவங்களப் பாத்து, சனங்களோட பழகியிருக்கீங்களான்னு கேக்கறாங்க சார் சில பேரு.”

“அப்படியா?” என்று ரசத்தைக் குடித்தார் அவர்.

“பேர் தெரியாதுங்கற தைரியத்துல என்ன வேணா எழுதலாம்னு ஆயிடுச்சு.”

“ஆமாம்மா, ஆமாம்மா.”

மனிதர் அசரவே இல்லை. என் கணவருக்குத்தான் பொறுக்கவில்லை. “சார், இவ கட்டுரையைப் படிச்சு ரெண்டாவதா கருத்து எழுதினது நீங்கதானே?” என்று போட்டு உடைத்துவிட்டார்.

பேராசிரியர் விழித்தார். “நானா? அந்த இதழுக்கு நான் எழுதிக் கொடுக்கறதை விட்டு ரொம்ப நாளாச்சே. ஏன், என்ன விஷயம்?”

நான் தயங்கித் தயங்கி ‘அது ஒருபுறமிருக்க’ கதையைச் சொன்னேன். அவர் கையில் சோற்றோடு அப்படியே குலுங்கிச் சிரித்தார். “அது எங்க வாத்தியார் சொத்தும்மா. அவர்கிட்ட படிச்ச அத்தனை பேருக்கும் ஒட்டிக்கிச்சு. உங்க நெறியாளர் யாரு?” சொன்னேன். “அவனும் என்னோட பெஞ்சுதான். உங்க கட்டுரையையே ஒருதரம் பாருங்க.”

என் கணவர் உடனே எழுந்துபோய் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார். என் கட்டுரையிலேயே இரண்டு இடத்தில் அது உட்கார்ந்திருந்தது. எனக்குக் காது மடல் வரை சுட்டது. பேராசிரியரின் மனைவிக்குத் தலைச்சுற்றல் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்தச் சிரிப்பின் நடுவில்தான் வீட்டுக்கார அக்கா கிழங்குத் தட்டோடு உள்ளே வந்தார். “சாப்புடுங்க, கூச்சப்படாதீங்க. நம்ம காட்டுக் கெழங்குங்க, மாவாட்டம் இருக்கும்” என்று பேராசிரியருக்கு வைத்தார். என் கணவரிடம், “சாருக்கு இன்னும் ரெண்டு வெக்கட்டுங்களா?” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “நீ ஏன் கண்ணு நின்னுட்டே இருக்கற? உக்காந்து தின்னு. நான் பாத்துக்கறேன்” என்று கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கிக்கொண்டார்.

அக்கா அடுப்படிப் பக்கம் போனதும் பேராசிரியர் மெதுவாகக் கேட்டார். “உங்களுக்கு மட்டும் ‘ங்க’ வரலியே. எப்போலேருந்து?”

நினைவைப் பின்னோக்கி ஓட்டினேன். வந்த புதிதில் நான் அக்காவுக்கு ‘டீச்சருங்க’தான். “தண்ணி வந்துருச்சுங்க டீச்சர்”, “ஊட்டுச் சாவி இருக்குதுங்களா டீச்சர்.” யோசித்துப் பார்க்கும்போது ஒரு மழைக்காலம் நினைவுக்கு வந்தது. காய்ச்சலில் விழுந்திருந்தேன், கணவர் வேலையாக நாமக்கல் போயிருந்தார். அக்கா கஞ்சியோடு வந்து, “எந்திரி கண்ணு, ரெண்டு வாய் குடிச்சுட்டுப் படு” என்று என்னைத் தூக்கி உட்காரவைத்தார். அதற்குப் பிறகு ‘ங்க’ வந்ததாக நினைவில்லை. ‘ங்க’வுக்காக ஊர்ப்பட்ட கதைகளைப் புரட்டியவள் நான். என்னிடம் அது நின்றுபோனதைக் கவனிக்கவேயில்லை.

இரண்டாம் ஆள் எழுதியதைப் போனில் எடுத்து மறுபடி படித்தேன். கோபத்தில் தாண்டிப்போயிருந்த வரி இப்போது கண்ணில் பட்டது: ‘வந்துகொண்டிருந்த விகுதி நின்றுபோகும் இடங்களை ஏன் பார்க்கவில்லை?’

“நல்ல கேள்விதான் கேட்டிருக்கார், யாரா இருந்தாலும்” என்றார் பேராசிரியர்.

அவர்களைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பியதும் நான் ஒரு மடத்தனம் செய்தேன். நேரே அக்காவிடம் போய், “அக்கா, எனக்கு எப்போலேருந்து ‘ங்க’ போடறத விட்டீங்க?” என்று கேட்டுவிட்டேன்.

அவர் முகம் சுண்டிப்போனது. “ஐயோ, பெரியவங்க முன்னால மட்டு மரியாதையில்லாமப் பேசிட்டனுங்களா டீச்சர்?”

“இல்லக்கா, எனக்கு அதுதான் பிடிச்சிருக்கு” என்று எவ்வளவோ சொன்னேன். ஏறவில்லை. மறுநாள் காலையில், “எந்திரிச்சுட்டீங்களா டீச்சர்?” என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. சில நாட்கள் அப்படியே போயின. கிழங்கு கொடுத்தாலும் ‘ங்க’, கோலப்பொடி கேட்டாலும் ‘ங்க’. கண்ணு என்பது காணாமல் போய்விட்டது. “பேசாம இரு, தானா சரியாகும்” என்றார் என் கணவர்.

நான் கட்டுரையைத் திருத்த உட்கார்ந்தேன். அதே கதைகளை இந்த முறை தலைகீழாகப் படித்தேன். பேசிக்கொண்டிருக்கிற ஒருத்தி எந்த வரியில் ‘ங்க’வை விடுகிறாள், விட்ட பிறகு மறுபடி போடுகிறாளா? சண்டையில் விடுகிறவர்கள் இருந்தார்கள். நெருங்கியதால் விடுகிறவர்கள் இருந்தார்கள். கோபித்துக்கொண்டு, விட்ட ‘ங்க’வைத் திரும்பப் போட்டுத் தள்ளிவைக்கிறவர்களும் இருந்தார்கள். மரியாதை என்று நான் எழுதியது பொய்யில்லை, பாதிதான். ஒரு மாலை இதில் ஆழ்ந்துபோயிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது.

“ஏ கண்ணு! துணியெல்லாம் நனையுது, உள்ள என்ன பண்ற? ஓடியா!”

ஓடினேன். கொடியிலிருந்த புடவைகளை அக்காவும் நானும் சேர்ந்து உருவிக்கொண்டு திண்டாடினோம். நான் வாயே திறக்கவில்லை. கேட்டுவைத்து இன்னொரு முறை கெடுத்துக்கொள்ள நான் தயாராக இல்லை.

அக்காவைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரியும் எழுதவில்லை. அடிக்குறிப்பாகவாவது போடலாமா என்று ஆசையாகத்தான் இருந்தது. கதைகளே போதுமான சான்று என்று விட்டுவிட்டேன். பெயர் தெரியாத அந்த இரண்டாம் ஆளுக்கு மட்டும் மனதார நன்றி எழுதினேன். இந்த முறை வெளியிடலாம் என்று அவரும் ஒப்புக்கொண்டார்.

அதோடு முடிந்ததா? அச்சுக்கு முன் சரிபார்க்க மெய்ப்பு வந்தது. திறந்து பார்த்தால், யாரோ ஒரு நல்ல மனிதர் பேச்சுத் தமிழையெல்லாம் பிழை என்று நினைத்துத் திருத்திவைத்திருந்தார். மேற்கோள்களில் இருந்த ‘இல்லீங்க’ எல்லாம் ‘இல்லை’, ‘வாரேனுங்க’ எல்லாம் ‘வருகிறேன்’. ‘ங்க’வைப் பற்றிய கட்டுரையில் ஒரு ‘ங்க’ இல்லை. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் என் கணவர் மூலத்தை உரக்க வாசிக்க, நான் ஒவ்வொன்றாக மீட்டெடுத்தேன். அவர் வாசிப்பதைக் கேட்டு, “சாரு இன்னைக்கு ரொம்ப மருவாதியாப் பேசறாரு” என்று அக்கா பக்கத்து வீட்டிலிருந்து சொன்னார்.

இதழ் வெளிவந்ததும் பேராசிரியருக்கு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார். நன்றாக வந்திருக்கிறது என்றவர், கடைசிப் பக்கத்து மேற்கோள் ஒன்றைச் சொல்லி, “அங்கே மாமனார்கிட்ட பேசற மருமகள் திடீர்னு ‘இல்லை’ன்னு சொல்றாளே, ‘ங்க’வை விட்டுட்டு. அதை நீங்க விளக்கவே இல்லையேம்மா. எவ்வளவு அழகான இடம்!” என்றார்.

எடுத்துப் பார்த்தேன். மெய்ப்பில் நாங்கள் மீட்காமல் தப்பவிட்ட ‘இல்லீங்க’ அது. அச்சுப்பிழை சார் என்று சொன்னேன். “அச்சுப்பிழையா!” என்றார் அவர். பிறகு இருவரும் மூச்சு முட்டச் சிரித்தோம். அடுத்த இதழில் திருத்தம் போடச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

“போடச் சொல்லும்மா. ஆனா அவசரமில்ல” என்றார். “அந்தப் பொண்ணு இன்னும் கொஞ்ச நாளைக்கு மாமனார்கிட்ட ‘ங்க’ இல்லாமலே பேசட்டும்.”