ஜன்னல் வழியே பிடித்த இடம்

ஏற்காட்டிலிருந்து நாகலூர் போகும் பஸ்ஸில் பிள்ளையை ஜன்னல் வழியாக உள்ளே விட்டுத்தான் இடம் பிடிப்போம். எல்லோரும் ஏறும்வரை கண்டக்டர் விசில் ஊதமாட்டார். அந்த நினைப்பிலேயே ரயிலிலும் செய்துவிட்டேன்.

கோயமுத்தூர் ஸ்டேடியத்தில் சினிமாப் பாட்டுக் கச்சேரி என்று, நானும் கணவரும் ஒன்பது வயது மகள் செல்வியும் சேலம் ஜங்ஷனுக்கு வந்தோம். ரயில் வந்தபோது வாசலில் கால் வைக்க இடமில்லை. கம்பியில்லாத அவசர ஜன்னல் ஒன்று திறந்திருந்தது. செல்வியைத் தூக்கி உள்ளே விட்டு, துண்டைக் கொடுத்து, "ரெண்டு பேருக்கு எடம் புடி கண்ணு" என்றேன். நாங்கள் வாசலில் முண்டிக்கொண்டிருக்கும்போதே ரயில் நகர்ந்துவிட்டது.

கத்திக்கொண்டே ஓடினேன். ஜன்னலில் ஓர் அம்மா தலையை நீட்டி, "ஈரோட்டுல எறங்கிப் புள்ளையோட நிக்கறனுங்க, அடுத்த வண்டில வாங்க" என்றார்.

அடுத்த வண்டி வந்ததும் முதல் ஆளாக ஏறினோம். ஈரோடு பிளாட்பாரத்தில் இருவரும் பெஞ்சில் இருந்தார்கள். அந்த அம்மாவும் கச்சேரிக்குக் கிளம்பியவர்தானாம். "பாட்டு எங்கீங்க போயிருது" என்றார். நால்வரும் சேர்ந்தே போய், பாதிக் கச்சேரி கேட்டோம்.

செல்வி அழவே இல்லை. பெஞ்சில் பக்கத்தில் துண்டை விரித்து, எங்கள் இருவருக்கும் இடம் வைத்திருந்தாள்.

இப்போதெல்லாம் நெரிசலான வண்டியை விட்டுவிடுகிறேன். ஏறினால், அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறேன். இடமில்லையென்றால் நின்றுகொண்டே போகிறோம், மூவரும் ஒன்றாக.